எரியாமல் தப்பிய காகிதங்கள்

பத்திரிகை நிருபர் என்றவுடன் மாறுவேடமும் ஒட்டுக்கேட்டலும்தான் நம் மாணவியர் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. துப்பறியும் கதைகள் செய்த வேலை அது! மறைக்கப்பட்ட உண்மையைத் தேடுகிறவருக்கு முதலில் வேண்டியது, பழைய காகிதங்களைச் சலிக்காமல் படிக்கும் பொறுமையே என்பது நம் கருத்து.

அமெரிக்கப் பெண்மணி ஐடா டார்பெல் இதற்குச் சான்று. ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியைப் பற்றி 'மெக்ளூர்ஸ்' இதழில் 1902 முதல் 1904 வரை 19 பகுதிகள் எழுதினார். அக்கம்பெனியினரும் வேறு சிலரும் 1872-இல் ரயில்வேக்களுடன் செய்துகொண்ட இரகசியக் கட்டண ஏற்பாட்டால் இடருற்ற எண்ணெய்த் தொழில் நடத்தியவர்களுள் அவருடைய தந்தையும் ஒருவர். ஆகவே, 'இது சொந்தப் பகை' என்று அவர் எழுத்தைத் தள்ளிவிடுவது எளிது. அதனாலேயே அவர் இருமடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருந்தது. நீதிமன்றச் சாட்சியங்களையும் விசாரணைக் குழு அறிக்கைகளையும் தேடித் தேடிப் படித்தார். 1872 ஏற்பாட்டைப் பற்றிய சிறு நூல் அடியோடு அழிக்கப்பட்டுவிட்டது என்று பலர் கூறியும் அவர் விடவில்லை. நியூயார்க் பொது நூலகத்தில் ஒரு பிரதி கிடைத்தது. கம்பெனியின் பெரிய அதிகாரி ஹென்றி ரோஜர்ஸையும் பலமுறை நேரில் கண்டு வினவினார். குற்றம் சாட்டப்படுபவரின் பதிலையும் கேட்க வேண்டும் அன்றோ?

போட்டியாளர்கள் ரயிலில் அனுப்பும் சரக்கின் விவரம் கம்பெனிக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது என்று வணிகர்கள் முறையிட்டு வந்தனர். சான்று இல்லாததால் டார்பெல் அதை நம்பத் தயங்கினார். அப்போதுதான் அது நடந்தது. கம்பெனி அலுவலகம் ஒன்றில் பழைய காகிதங்களை எரிக்கும் வேலை பார்த்த சிறுவன், அவற்றில் தன் ஞாயிறு வேதபாட ஆசிரியரின் பெயரைக் கண்டான். அவர் தனியாக எண்ணெய் வியாபாரம் செய்தவர். அவர் அனுப்பிய சரக்கு பற்றி ரயில்வே குமாஸ்தாக்கள் கொடுத்த குறிப்புகள் அவை. காகிதங்கள் ஆசிரியர் கைக்குப் போய், அவர் மூலம் டார்பெல்லிடம் வந்தன.

முதலாளியின் காகிதத்தை எடுத்துச் செல்வது திருட்டில்லையா என்று நம் பெற்றோரில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும் நாம் அச்சிறுவன் பக்கமே நிற்போம். தனக்குக் கற்பித்தவருக்கு இழைக்கப்படும் அநீதியை அவரிடமே கொண்டுபோய்க் காட்டினான். எரித்துவிட்டு வாய்மூடி இருந்திருந்தால் அது நேர்மை ஆகிவிடுமா? டார்பெல் சான்றை வெளியிட்டார். சிறுவனின் பெயரை வெளியிடவில்லை. ரோஜர்ஸ் கடுஞ்சினம் கொண்டார். சந்திப்புகள் அத்துடன் நின்றன. 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கம்பெனி 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது.

டார்பெல்லிடம் நமக்கு ஒரு குறையும் உண்டு. 1905-இல் ராக்பெல்லரைப் பற்றி எழுதியபோது, நோயினால் முடி உதிர்ந்திருந்த அம்மனிதரின் தோற்றத்தையும் இகழ்ந்தார். கையில் அத்தனை ஆவணங்கள் இருக்க, இது எதற்கு?