ரெண்டு எழுத்து, ஒரு புள்ளி

டிஸ்கி: யார் நல்லவர், யார் கெட்டவர்னு தீர்ப்பு சொல்ற பதிவு இல்லை இது. எந்த அணியா இருந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் கும்முங்க :-)

'என்ஜாய் எஞ்சாமி' பாட்டு 2021 மார்ச் 7ஆம் தேதி யூடியூபில் வந்தது. நாற்பது கோடி பார்வைகளைத் தாண்டிய பாட்டு. அதைப் பத்தி நான் புதுசா பாராட்ட ஒண்ணும் இல்லை. அந்த வீடியோவோட தலைப்பை மட்டும் ஒரு தடவை உத்துப் பாருங்க. முதல்ல தீயின் பெயர். அப்புறம் 'எஃப்.டி.' அதுக்கப்புறம் அறிவு பெயர். பிறகு பாட்டுப் பெயர், கடைசியில் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன்.

அந்த எஃப்.டி. பேங்க்ல போடற டெபாசிட் இல்லீங்க. ஃபீச்சரிங் என்பதன் சுருக்கம். 'இவரும் இதில் வருகிறார்'னு அர்த்தம். இங்கிலீஷ்ல ரெண்டு எழுத்து, ஒரு புள்ளி. ஒரு ராப்பர் தெருவிலிருந்து மேல ஏறி வரும்போது அவருக்கு என்ன நடக்குதுங்கறது மொத்தமும் அந்த ரெண்டு எழுத்துக்குள்ள இருக்குங்கறது என் கட்சி.

முதல்ல ஏறி வந்த கதை. அரக்கோணத்துக்காரர் அறிவு. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடந்தது. பா.ரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயரே அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியற்ற' என்ற சொல்லிலிருந்து வந்தது. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். அங்கே கவனிக்கப்பட்டவர்களில் ஒருத்தர் அறிவு. 2019ல் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குறள்' ஆல்பம். 2020ல் விஜய்யின் 'மாஸ்டர்' ஆல்பத்தில் 'வாத்தி ரெய்டு'. கீழ்ப்பாக்கம் மேடையிலிருந்து விஜய் படத்துக்கு ரெண்டே வருஷம். அடுத்த வருஷம் எஞ்சாமி. இதைவிட வேகமா ஒருத்தர் மெயின்ஸ்ட்ரீமுக்கு வர முடியுமா?

முடியாது. ஆனா பாட்டு போன இடத்துக்கெல்லாம் அவர் பெயர் கூடவே போச்சா? அங்கதான் சிக்கல்.

2021ல் டிஜே ஸ்நேக் அந்தப் பாட்டை ரீமிக்ஸ் பண்ணினார். நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர் விளம்பரப் பலகையில் டிஜே ஸ்நேக்கும் தீயும் இருந்தார்கள், அறிவு இல்லை. அதே வருஷம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும். 'எஞ்சாமி'யையும் 'நீயே ஒளி'யையும் எழுதினவர் எங்கேன்னு பா.ரஞ்சித் பகிரங்கமா கேட்டார். அதுக்கப்புறம்தான் அறிவுக்கு ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் மேடையில் எஞ்சாமி பாடினார்கள். அறிவு அப்போ அமெரிக்காவில்.

ஒரு தடவைன்னா தற்செயல். மூணு தடவைன்னா சிஸ்டத்துல ஏதோ இருக்கு. புரோகிராம் எழுதறவனுக்கு இது நல்லாவே தெரியும். ஒரே பக் மூணு இடத்துல வந்தா மூணு இடத்துலயும் போய் ஒட்டுப் போட மாட்டோம், டேட்டாபேஸ் டிசைனைத் தான் பார்ப்போம்.

நம்ம சினிமாப் பாட்டோட டிசைன் என்ன? மூணு கட்டம். இசை, பாடல், பாடியவர். மூணுக்கும் மூணு ஆள். 1994ல் 'காதலன்' படத்து பேட்டை ராப்பையே எடுத்துக்குங்க. எழுதினது டைரக்டர் ஷங்கர். பாடினது சுரேஷ் பீட்டர்ஸ், தேனி குஞ்சரம்மா, ஷாகுல் ஹமீது. இசை ரஹ்மான். யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. ஏன்னா அது ராப் ஜாடையில் இருந்த சினிமாப் பாட்டு.

அசல் ராப்பில் கதை வேற. எழுதறவன்தான் சொல்றவன். வரி எங்கே உடையணும், எங்கே மூச்சு வாங்கணும், எந்த வார்த்தை தாளத்துக்கு முன்னாடி விழணும்னு எல்லாமே எழுதும்போதே முடிவாகிடும். அந்த வரியே பாதி மெட்டு. 2015ல் டிரேக் தன் வரிகளைத் தானே எழுதலைன்னு மீக் மில் கிளப்பிவிட்டது அவ்வளவு பெரிய சண்டையா ஆனதுக்கு இதான் காரணம். அந்த ஊர்ல அது ஒரு ராப்பரை அவமானப்படுத்தற குற்றச்சாட்டு. இங்கே ஒரு பாடகரைப் பார்த்து 'நீ எழுதலையே'ன்னு கேட்டா சிரிப்பாங்க.

இப்போ 2022 சண்டைக்கு வாங்க. யாரும் எனக்கு மெட்டோ வார்த்தையோ தரலை, ஆறு மாசம் தூக்கமில்லாம உழைச்சேன்னு அறிவு எழுதினார். கூட்டு முயற்சிதான்னும் அவரே சொன்னார். சந்தோஷ் நாராயணன் தன் தரப்பில், மூணு பேரும் சேர்ந்து செஞ்சது, வருமானமும் உரிமையும் மூணு பேருக்கும் சமம்னு சொன்னார். யாரையும் நான் குறைச்சுக் காட்டினதில்லைன்னு தீ எழுதினார். இணையமே ரெண்டு கட்சியா பிரிஞ்சு அடிச்சுக்கிட்டது. எனக்கென்னவோ, மூணு பேர் சொன்னதும் ஒண்ணுக்கொண்ணு பெருசா முரண்படலைன்னுதான் தோணுது. ராப்பரோட வேலை மூணு கட்டத்துலயும் பரவிக் கிடக்கு. நம்ம ஃபார்ம்ல அதை நிரப்ப இடமில்லை. இடமில்லாததால 'எஃப்.டி.'ன்னு போட்டு ஓரமா உட்கார வெச்சாச்சு. ஓரத்துல இருக்கறது அடுத்த காப்பி எடுக்கும்போது முதல்ல வெட்டுப்படும். போஸ்டர், ரீமிக்ஸ், மேடை, எல்லாமே அடுத்த காப்பிதான்.

"பாட்டு ஹிட்டானது தீ குரலாலயும் சந்தோஷ் இசையாலயும்தானே?"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. அவங்க இல்லாம அந்தப் பாட்டு இல்லை, ஒத்துக்கறேன். ஆனா நான் கேக்கறது யாருக்கு எவ்ளோ மார்க்குன்னு இல்லை. சேர்ந்து செஞ்சதுன்னு எல்லாரும் சொல்றாங்கல்ல, அப்போ வெட்டும்போது மட்டும் ஏன் எப்பவும் ஒரே ஆள் வெட்டுப்படறார்?

பணமாவது வந்துச்சான்னா, அதுவும் இல்லை. 2024 மார்ச்சில், மூணு வருஷமா இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசா வரலைன்னு சந்தோஷ் நாராயணனே வீடியோ போட்டுச் சொன்னார். சைபரை மூணால சமமா வகுத்தாலும் சைபர்தான். பணமும் வராத இடத்துல கலைஞனுக்கு மிஞ்சறது பெயர் ஒண்ணுதான்.

அதுவும் எந்தப் பாட்டுல! இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைச்சுட்டு ஊர் திரும்பின தன் பாட்டி வள்ளியம்மாளோட கதையிலிருந்து வந்த பாட்டுன்னு அறிவு சொல்லியிருக்கார். அந்த மலையக மக்களைப் பத்தி 1964ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டாங்க. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம். மூட்டை எண்ற மாதிரி ஆளை எண்ணிப் பிரிச்சாங்க. தோட்டத்தை உருவாக்கினவங்க பெயர் எந்தப் பத்திரத்துலயும் இல்லை. அப்படிப் பெயர் விடுபட்டவங்களைப் பத்தின பாட்டுல, பேரனோட பெயரே விடுபடுது. இதை 'ஈகோ'ன்னு தள்ளிவிட என்னால முடியலை.

தீர்வு என்ன? ஒரு வழி ஹிப்ஹாப் தமிழா ஆதி போன வழி. 2015ல் 'ஆம்பள' மூலமா இசையமைப்பாளர், 2017ல் 'மீசைய முறுக்கு'வில் டைரக்டரும் ஹீரோவும் அவரே. எல்லாக் கட்டத்துலயும் தன் பெயரையே எழுதிக்கிட்டார். பாராட்டணும். ஆனா பெயரைக் காப்பாத்த ஒவ்வொரு ராப்பரும் ஹீரோ ஆகணும்னா அது நடக்கற காரியமா?

இன்னொரு வழி சுலபம். எழுதி, சொல்லி, மெட்டுக்கும் பாதி காரணமான ஆளை முதன்மைக் கலைஞர்னு போடுங்க. ரெண்டு பெயருக்கு நடுவுல எஃப்.டி.க்குப் பதிலா ஒரு கமா. செலவு ஒண்ணும் இல்லை.

அறிவு தன் வழியில் ஒண்ணு செஞ்சார். 2024ல் வந்த அவரோட ஆல்பத்தின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. பாட்டி பெயரும் உறவுமுறையும் தலைப்புலயே இருக்கு. இனி யார் அந்த ஆல்பத்தைப் பத்திப் பேசினாலும் வள்ளியம்மா பெயரைச் சொல்லித்தான் ஆகணும். அதை எப்படி வெட்டுவீங்க?