மொழிக்கு முன் நில்லாத எழுத்து

"தமிழ் வாழ்க" என்னும் முழக்கம் இரண்டே சொற்களால் ஆயது. அவ்விரு சொற்களிலும் ழகரம் நிற்கின்றது. சுவரில் அதனை எழுதுங் கை பிழை செய்வதில்லை. அதனை முழங்கும் நாவோ பலவிடங்களில் "தமிள் வாள்க" என்கின்றது. சிலவிடங்களில் "தமில் வால்க" என்கின்றது. மொழிக்கு வாழ்த்துக் கூறப் புகுந்தவரே அம்மொழியின் பெயரைச் சிதைத்துக் கூறும் இந்நிலை தமிழ்ப்பற்றாளர் கூட்டங்களிலும் காணப்படுவதொன்று. பகைவர் செய்யும் ஏளனம் என்று இதனைத் தள்ளிவிடல் ஆகாது. மேடையில் நிற்பவரைப் பழிப்பதாலும் பயனில்லை. அப்பிழை மேடையில் பிறந்ததன்று. அவர் ஐந்தகவைக் குழந்தையாய்ப் பள்ளியில் அமர்ந்திருந்தபோது அவ்வெழுத்தைக் கண்ணுக்குக் காட்டினர்; கைக்குக் கொடுத்தனர்; செவிக்கும் நாவிற்கும் கொடுக்கவில்லை. பிழையின் வேர் அங்கே கிடக்கின்றது.

ஓர் எழுத்தொலி ஒரு மொழியினின்று எவ்வாறு மறைகின்றது என்பதற்கு அயலில் சான்று தேடிச் செல்ல வேண்டுவதில்லை. உடன்பிறந்த மொழிகளே சான்று. பழங்கன்னடத்தில் ழகரம் இருந்தது. கல்வெட்டுகளில் அதற்கெனத் தனிவடிவும் இருந்தது. பழந்தெலுங்குக் கல்வெட்டுகளிலும் அவ்வொலி உண்டு. இன்றோ தமிழரும் மலையாளரும் "ஏழு" என்னும் எண்ணைக் கன்னடர் "ஏளு" என்பர்; தெலுங்கர் "ஏடு" என்பர். எவ்வரசனும் ஆணையிட்டு அவ்வெழுத்தை ஒழித்திலன். எப்பகைவனும் படையெடுத்து வந்து அதனைப் பறித்திலன். முதியோர் நாவில் தளர்ந்தது. இளையோர் செவியில் விழவில்லை. அதற்கடுத்த தலைமுறை ஏட்டினின்றும் அதனை எடுத்துவிட்டது. அவ்வளவே.

தமிழில் இவ்வீழ்ச்சியின் முற்படி நிகழ்ந்தே விட்டது. தென்மாவட்டங்களில் பழம் "பளம்" ஆயிற்று. சென்னைப் பக்கத்தில் "பயம்" ஆயிற்று. ஈழத்துப் பேச்சிலும் ழகரம் ளகரமாகவே பெரிதும் ஒலிக்கின்றது. வாழையை "வாளை" என்றால் மரம் மீனாகின்றது. விழியை "விளி" என்றால் கண் கூப்பிடுதலாகின்றது. எழுத்தில் மட்டும் வேறுபாடு நிற்க, ஒலியில் அது மறையுமாயின், எச்சொல்லுக்கு எந்த எழுத்து என்பதைக் குழந்தை உருப்போட்டே அறியவேண்டிவரும். செவி துணை செய்யாத எழுத்து நினைவுக்குச் சுமையாகும். அச்சுமை மிகும் நாளில், "ஒலி ஒன்றாயின் எழுத்து மூன்று எதற்கு?" என்று கேட்பவன் வெளியிலிருந்து வரமாட்டான், தமிழனே கேட்பான். அவனுக்கு விடை கூறும் ஆற்றல் இலக்கண நூலுக்கு இல்லை, நாவிற்கே உண்டு.

ஆதலின் ஒரு கேள்வியே இன்று கேட்கத்தக்கது. ழகரம் என்னும் ஓரெழுத்தை ஐந்து, ஆறு அகவைக் குழந்தைக்கு எவ்வாறு கற்பிப்பது?

இன்று கற்பிக்கும் முறை ஆங்கில நெடுங்கணக்கைப் பார்த்துப் படியெடுத்தது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து, அவ்வெழுத்தில் தொடங்கும் ஒரு சொல், அச்சொல்லுக்கு ஒரு படம் என்று அமைப்பர். அதே அச்சில் தமிழ் எழுத்துகளையும் வார்த்து, 'அ'வுக்கு அணில், 'ஆ'வுக்கு ஆடு என்று சுவரில் தொங்கவிட்டனர். உயிரெழுத்து வரை அவ்வண்டி ஓடிற்று. மெய்க்கு வந்ததும் அச்சு முறிந்தது. தமிழில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டு மெய்களும் மொழிக்கு முதலாவதில்லை. தொல்காப்பியம் மொழிமுதல் எழுத்துகளை எண்ணிக் கூறுமிடத்து இவ்வெட்டிற்கும் இடந்தரவில்லை. ழகரத்தில் தொடங்கும் தமிழ்ச்சொல் ஒன்றேனும் இல்லை. எனவே ஆங்கிலப் படமுறையில் ழகரம் இடமற்ற எழுத்தாகி, வரிசையின் கடைப்பகுதியில், படித்துக் களைத்த குழந்தைக்கு ஒரு வடிவமாக மட்டும் காட்டப்படுகின்றது. மொழிக்கு முன் நில்லாத எழுத்தை முன்னெழுத்து முறையால் கற்பிக்கப் புகுந்ததே பெரும்பிழை. தமிழ் எழுத்துக்குத் தமிழின் இயல்புக்கேற்ற முறையே வேண்டும்.

அம்முறை செவியில் தொடங்கவேண்டும். அதற்கு வாங்கவேண்டிய பொருள் ஒன்றுமில்லை. ஆசிரியர் ஒரு முறத்தில் சில பொருள்களைக் கொணர்க: வாழைப்பழம், கிழங்கு, குழல், கழி, உழக்கு; மிளகு, புளி, எள், விளக்கு; நெல், இலை, நூல், கடலை. மூன்று கூடைகளைத் தரையில் வைக்க. எழுத்து எதனையும் எழுதிக் காட்டற்க. ஒரு குழந்தை ஒரு பொருளை எடுத்து, அதன் பெயரைக் கூறி, ஒலிக்கேற்ற கூடையில் இடவேண்டும். பெயரை ஆசிரியர் ஒருமுறை திருத்தமாய்ச் சொல்லிக் காட்டலாம், கூடையைக் காட்டலாகாது. மற்றைக் குழந்தைகள் செவிகொடுத்துக் கேட்டுச் சரியா, தவறா என்பர். இறுதியில் ஒரு கூழாங்கல்லைக் கொடுத்தால் பூசல் எழும். ஒரு குழந்தை பழக்கூடை என்னும். மற்றொன்று நெற்கூடை என்னும். இரண்டும் உண்மையே, அச்சொல்லில் ழகரமும் உண்டு, லகரமும் உண்டு. அப்பூசல் எழுந்த நாளே அவ்வகுப்பின் செவி திறந்த நாள். பின்னர்ப் பழத்தைப் பகிர்ந்து உண்பித்துப் பாடத்தை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து நா. தொல்காப்பியத்தின் பிறப்பியல், ர, ழ இரண்டற்கும் நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும் என்றும், ல, ள இரண்டற்கும் நாவிளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைப் பொருந்தும் என்றும் பிரித்துக் காட்டுகின்றது. மக்கள் நாவில் ளகரத்தோடு மயங்கும் ழகரத்தைத் தொல்காப்பியர் ளகரத்தோடு சேர்க்காமல் ரகரத்தோடு சேர்த்தமை ஊன்றி நோக்கத்தக்கது. இன்றைய ஒலிநூலாரும் ளகரத்தில் நா அண்ணத்தை முட்டும் என்றும், ழகரத்தில் முட்டாது நெருங்கி நிற்கும் என்றும் கூறுவர். இவ்விலக்கணத்தைக் குழந்தைக்கு ஓதிக் காட்ட வேண்டா. அதன் கைகளிலேயே காட்டிவிடலாம்.

இடக்கையைக் கவிழ்த்துக் குழித்துப் பிடித்தால் அது அண்ணம். அதன் விரல்நுனிகள் மேற்பற்கள். அதன் கீழே மல்லாத்தி நீட்டிய வலக்கை நா. வலக்கை விரல்கள் இடக்கை விரல்களின் அடியைத் தொட்டால் லகரம். மேல்நோக்கிப் பின்வளைந்து உள்ளங்கையைத் தொட்டால் ளகரம். அவ்வாறே வளைந்து, தொடாமல் எள்ளளவு இடைவெளி விட்டு நின்றால் ழகரம். குழந்தை முதலில் ளகரத்தை நீட்டி ஒலிக்கட்டும். ஒலி நிற்பதற்கு முன்னரே விரலை அவ்வெள்ளளவு விலக்கட்டும். கையைப் பார்த்து நாவும் விலகும். ஐயமிருப்பின் மற்றோர் ஆய்வு உண்டு. நாவை அந்நிலையிலேயே நிறுத்தி மூச்சை உள்ளிழுத்தால், ளகரத்திற்கு நாவின் இருமருங்கும் குளிரும். ழகரத்திற்கு நாவின் நடுவே குளிரும். தன் வாய்க்குள்ளேயே குழந்தை கண்டறிந்த இலக்கணத்தை எவரும் அதனிடமிருந்து பறிக்கவியலாது.

ஐந்தகவை நாவிற்கு ழகரம் உடனே வாராமற் போகலாம். ரகரமும் ழகரமும் பிந்தி முதிரும் ஒலிகள். சில குழந்தைகட்கு ஆறேழு அகவைவரை ஆகும். செவி பிரித்தறிந்தால் அப்போதைக்குப் போதும். அடித்தும் இகழ்ந்தும் வருவித்த ஒலி அச்சத்தோடு கலந்தே நிற்கும். அச்சம் நீங்குங்கால் ஒலியும் நீங்கும்.

மூன்றாவதே கை. ம, மு, ழ மூன்றும் தோற்றத்தால் நெருங்கிய வடிவங்கள். முன்னிரண்டும் பழகிய குழந்தை ழகரத்தை 'மு' என்று படித்துவிடுவதுண்டு. எனவே எழுதுகோலைக் கொடுக்குமுன் தட்டில் மணலைப் பரப்பிச் சுட்டுவிரலால் எழுதச் செய்க. களிமண்ணைக் கயிறாக உருட்டி வளைத்து வைக்கச் செய்க. தரையில் வரைந்த பெரிய ழகரத்தின்மேல் புளியங்கொட்டைகளை வரிசையாய் அடுக்கச் செய்க. விரல் ஓடும்போதெல்லாம் வாயும் ஒலிக்கவேண்டும். ஒலியின்றி எழுதுவது ஓவியமே ஒழிய எழுத்தன்று.

இவையெல்லாம் மேனாட்டுப் புதுமை என்று எவரும் கருதவேண்டா. மணலில் விரலால் எழுதுவது தமிழகத் திண்ணைப் பள்ளிகளின் பழைய வழக்கம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளி ஒன்றின் பொறுப்பிலிருந்த ஆண்ட்ரூ பெல் என்பார், இந்நாட்டுக் குழந்தைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதனைப் புகுத்தினார். மூத்த மாணவர் இளைய மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்கு நடத்தினார். 1797இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது "சென்னை முறை" என்றே பெயர்பெற்றுப் பரவியது. பின்னர், 1907இல் உரோமை நகரில் குழந்தையர் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவி, ஒலித்துக் கற்கும் முறையை வகுத்தார். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியும் தந்தார். தமிழகத்து மணலை உலகம் மதித்துக் கொண்டுபோயிற்று. தமிழனோ அதனைத் தட்டிக் கொட்டிவிட்டு, உருளும் கண்களோடு பேசும் பொம்மை எழுத்துகளை விலைகொடுத்து வாங்குகின்றான்.

நான்காவது ஒரு விளையாட்டு. ஒவ்வோர் எழுத்தாக எழுதிய அட்டைகளைக் குழந்தைகள் கையில் கொடுத்து வரிசையில் நிறுத்துக. 'ப', 'ழ', 'ம்' நின்றால் பழம். 'ம', 'ழை' நின்றால் மழை. 'யா', 'ழ்' நின்றால் யாழ். இப்போது ழகர அட்டை வைத்திருக்கும் குழந்தையை முன்னே வந்து நிற்கச் சொல்க. வகுப்பு முழுவதும் முயன்றாலும் ஒரு சொல் பிறவாது. "ஏன் வரவில்லை?" என்று குழந்தைகள் கேட்கும். "இந்த எழுத்து முன்னே நில்லாது, நடுவிலும் கடைசியிலும் நின்று தாங்கும்" என்று ஆசிரியர் விடையிறுத்தால் போதும். நூற்பாவாகப் பின்னாளில் படிக்கவேண்டிய ஒரு விதி, விளையாட்டாக ஆறகவையிலேயே அதன் நெஞ்சில் தங்கிவிடும்.

இத்தனைக்கும் நேரம் எங்கே என்று வினவுவோர் உளர். நாளொன்றுக்குக் கால் மணிநேரம், இரண்டு கிழமை, அவ்வளவே வேண்டுவது. அரசு ஒன்றும் செய்யவில்லையா என்று வினவுவோரும் உளர். செய்துளது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் தமிழக அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் பரவியது. 2022இல் "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்புவரை தமிழை உறுதிசெய்தது. இவை வேண்டுவனவே. ஆயினும் அட்டை பேசாது, சட்டம் ஒலிக்காது. ஆசிரியர் நாவில் ழகரம் இல்லையேல் அவ்வட்டைகள் அனைத்தும் ஊமை அட்டைகளே. ஆதலின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் ழகர ஒலிப்பைத் தேர்ந்து பார்த்த பின்னரே தொடக்க வகுப்பை ஒப்படைக்கவேண்டும் என்னும் கோரிக்கையைத் தமிழியக்கத்தார் முன்வைக்கவேண்டும்.

ஒன்றை மறத்தலாகாது. "பளம்" என்று பேசும் பாட்டியை இகழ்ந்து குழந்தைக்கு எழுத்துக் கற்பிக்கலாகாது. அப்பாட்டிதான் ஆங்கிலம் புகாத தமிழை அக்குழந்தைக்குக் கொடுத்தவள். அவள் கொடுத்த சொல்லுக்குப் பள்ளி ஒலியைச் சேர்க்கவேண்டும், சொல்லையே வெட்கத்துக்குரியதாக்கலாகாது. வீட்டைப் பழித்துத் தமிழ் கற்ற குழந்தை, நாளை தமிழையும் பழித்து ஆங்கிலம் கற்கும்.

ழகரத்தைத் தமிழுக்கே உரியதென்று பாராட்டிச் "சிறப்பு ழகரம்" என்று பட்டம் கொடுத்தாயிற்று. மலையாளரும் அதனைக் காத்து வருகின்றனர் என்பதை ஒப்புக்கொள்வதால் தமிழுக்கு இழுக்கில்லை. பட்டம் மட்டும் கொடுத்துப் பயிற்சி கொடாமையே இழுக்கு. குழந்தை, மழலை, எழுத்து, தமிழ் என்னும் நான்கு சொற்களிலும் அவ்வோரெழுத்தே நிற்கின்றது. வரும் ஞாயிற்றுக்கிழமை தமிழன்பர் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் குழந்தையை அருகழைத்து, ஒரு தட்டில் மணலும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்து அமர்க. முதலில் தம் நாவைத் திருத்திக்கொள்க. பின்னர்க் குழந்தையின் விரலைப் பிடிக்க. அதன்பின் கூறும் "தமிழ் வாழ்க" என்பது முழக்கமாக மட்டும் நில்லாது.