பூனைக்கு நன்றி இல்லையா?

நாய்க்கு நன்றியுண்டு, பூனைக்கு இல்லை என்பது நம் இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் தீர்ப்பு. அத்தீர்ப்பு நேர்மையானதன்று என்பதே என் கருத்து.

பூனையை மனிதன் வலிந்து பிடித்துப் பழக்கியதாகத் தெரியவில்லை. மேற்காசியாவில் வேளாண்மை தோன்றிற்று, தானியம் குவிந்தது, எலி பெருகிற்று. எலியைத் தேடிக் காட்டுப்பூனை தானே ஊருக்குள் வந்தது. களஞ்சியம் காத்ததே அது செலுத்திய குடிக்கூலி! சைப்ரஸ் தீவில், சற்றேறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே, 40 சென்டிமீட்டர் தொலைவில், எட்டு மாதப் பூனையொன்றின் முழு எலும்புக்கூடு கிடைத்த செய்தியை ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். அத்தீவுக்குப் பூனை இயற்கையில் உரியதன்று. எனவே, கடல் கடந்து மரக்கலத்தில் அதனை ஏற்றி வந்தவன் மனிதனே ஆதல் வேண்டும். எலி பிடிக்க மட்டுமே வைத்திருந்த உயிரை எவரும் தம்மருகே அடக்கம் செய்வரோ?

எகிப்தியர் பூனையைத் தெய்வ வடிவாகக் கண்டு, அதன் உடலைப் பதப்படுத்திக் காத்தனர். அவ்வுடல்கள் 1890இல் டன் கணக்கில் இலிவர்பூலுக்குக் கப்பலேறி, வயலுக்கு உரமாக விலைபோயின. வழிபாடும் இழிவும் ஆகிய இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இயல்பான பரிவை அபூகதாதா (ரலி) அவர்களிடம் காண்கிறோம். ஒளுச் செய்ய வைத்த நீரைப் பருகப் பூனை வந்தபோது, பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். அது அசுத்தமன்று, நம்மைச் சுற்றிவரும் உயிர் என்னும் நபிமொழியையும் எடுத்துரைத்தார்கள்.

இன்றோ, ஈன்ற பூனையைக் குட்டிகளோடு சாக்கிலிட்டு அடுத்த ஊர்ச் சந்தையில் விட்டு வருகிறோம். சில நாளில் அது வழி கண்டு திரும்பி, அதே திண்ணையில் வந்து படுக்கிறது.