படம் பிடிக்க நேரம் எங்கே?

குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் செய்யாத வீடே இல்லை. அந்தத் தீர்மானம் நிறைவேறிய வீடுகள்தான் அருமையாக இருக்கின்றன. காரணம் கேட்டால், பணமில்லை என்று யாரும் சொல்லுவதில்லை. காமிரா இல்லை என்று சொல்லவும் வழியில்லை. சட்டைப் பையிலும் கைப்பையிலும் ஆளுக்கொன்று வைத்திருக்கிறோம். "நேரம் எங்கே ஐயா இருக்கிறது?" என்பதுதான் எல்லோருடைய பதிலும்.

பிள்ளைகள் விளையாட்டில் ஈடுபட்டிருக்கும் வீடுகளில் இந்தப் பதிலில் பொய் ஒன்றுமில்லை. பெண்ணுக்கு வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பாட்மின்டன். பையனுக்குச் சனி, ஞாயிறுகளில் கிரிக்கெட். நடுவில் பள்ளிக்கூடம், டியூஷன், பரீட்சை. தகப்பனார் ஒரு மைதானத்திலும் தாயார் இன்னொரு மைதானத்திலும் காவல் நிற்கிறார்கள். தம்பதிகள் இருவரும் முகம் பார்த்துப் பேசுவது, இரவு சாம்பார் ஆறிப்போன பிறகுதான். பள்ளிக் கல்வித் துறையார் நடத்தும் பாரதியார் தினப் போட்டிகளிலோ குடியரசு தினப் போட்டிகளிலோ பிள்ளை சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படி ஏறவேண்டும். ஜெயித்தால் அடுத்த தேதி, தோற்றால் ஓய்வு. குடும்பப் போட்டோவின் பொருட்டுத் தன் பிள்ளை தோற்கவேண்டும் என்று எந்தத் தாய் பிரார்த்தனை செய்வாள்? ஐப்பசி கார்த்திகை வந்தால் மழை வேறு எல்லாத் தேதிகளையும் கலைத்துப் போடும். பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கல்யாணத்துக்கு முகூர்த்தம் வைத்துவிடலாம். இப்படிப்பட்ட குடும்பத்தில் நால்வருக்கும் ஒழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடிக்க எந்த ஜோசியராலும் ஆகாது.

ஆனால் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எதற்காக வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

1839-ஆம் வருஷம் பாரிஸ் நகரத்தில் டாகேர் என்பவருடைய படமெடுக்கும் முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அந்த முறையில் முகம் தெளிவாக விழவேண்டுமானால், உட்காருகிறவர் நெடுநேரம் ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டியிருந்தது. தலை ஆடிவிடாதபடி பிடரிக்குப் பின்னால் இரும்புக் கவை ஒன்றை முட்டுக் கொடுத்து வைப்பார்கள். அந்தக் காலத்துப் படங்களில் பெரிய மனிதர்களெல்லாம் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர்களைப் போல விறைத்திருப்பதற்கு, கம்பீரம் மாத்திரம் காரணமல்ல. அந்தக் கவையும் ஒரு காரணம். பிறகு 1888-இல் ஈஸ்ட்மன் கம்பெனியார் 100 படம் எடுக்கக்கூடிய கோடக் பெட்டியை விற்றார்கள். 1900-இல் ஒரு டாலர் விலையில் பிரௌனி காமிரா வந்தது. கவை போயிற்று, கறுப்புத் துணி போயிற்று, ஸ்டூடியோவின் திரைச்சீலையில் எழுதிய மாடிப்படியும் பூந்தொட்டியும் போயின. ஆயினும் நம் மனத்துக்குள் மட்டும் அந்தக் கவை இன்னும் இருக்கிறது. குடும்பப் படம் என்றால் எல்லோரும் தலைக்கு ஸ்நானம் செய்து, பட்டு உடுத்தி, பாட்டியை நடுவில் உட்காரவைத்து, ஒரு முழு நாளை அதற்கென்று ஒதுக்கவேண்டும் என்று நினைக்கிறோம். அந்த நாள் வருவதில்லை. இதற்குள் பையனுக்கு மீசை வந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லுகிறேன். என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மாணவன் ஒருவன் கால்பந்து ஆடுகிறவன். நாலு வருஷ காலம் அவனைத் தினந்தோறும் மைதானத்துக்கு அழைத்துப் போய் அழைத்து வந்தவர் அவனுடைய தாத்தா. ஓய்வு பெற்ற குமாஸ்தா. மைதானத்து ஓரத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் தண்ணீர்ப் பாட்டில், இரண்டு வாழைப்பழம், தோளில் ஒரு துண்டு சகிதமாக அவர் உட்கார்ந்திருப்பதை நானே பல நாள் பார்த்திருக்கிறேன். சென்ற தை மாதத்தில் அவர் காலமானார். துக்கம் விசாரிக்கப் போனேன். அலமாரி நிறையக் கோப்பைகள். அந்த அம்மாளின் செல்போனில் பையன் பந்தை உதைக்கிற படம், பரிசு வாங்குகிற படம் என்று ஆயிரத்துக்குக் குறையாமல் இருந்தன. ஆனால் சுவரில் மாலை போட்டிருந்த படம், பென்ஷன் காகிதங்களுக்காக எப்பொழுதோ எடுத்த ஒரு சிறு படத்தைப் பெரிதாக்கியது. யாரோ அதிகாரி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக் காத்திருப்பவர் போல அதில் அவர் விழித்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து அந்தப் பையன் என் மேஜைப் பக்கத்தில் வந்து நின்றான். "சார், தாத்தா கிரவுண்டுல உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம் யார்கிட்டயாவது இருக்குமா சார்?" என்று கேட்டான். எங்கள் தேகப் பயிற்சி ஆசிரியர் பெற்றோர்களுடைய வாட்ஸப் குழுவில் செய்தி போட்டார். மூன்றாம் நாள் ஒரே ஒரு படம் வந்தது. வேறொரு பையன் கோடிமூலையிலிருந்து பந்தை உதைக்கிறான். அவனுக்குப் பின்னால், வெகு தூரத்தில், சற்று மங்கலாக, வேப்பமரத்தடியில் தாத்தா எழுந்து நிற்கிறார். துண்டு தோளில் இருக்கிறது. கழுத்தை எட்டிப் பார்க்கிறார். பந்தைப் பார்க்கவில்லை, மைதானத்தின் மறு பக்கத்தில் தம் பேரன் நிற்கும் இடத்தைப் பார்க்கிறார். அந்தப் படத்தை எடுத்த தாயார், தம் பிள்ளையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிந்துவிடாமல் இருந்தாரே, அது அந்தக் குடும்பத்தின் பாக்கியம். இப்பொழுது பையனுடைய படிப்பு மேஜைமேல் இருப்பது அதுதான்.

அந்த வீட்டார்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தாத்தா இருந்தார், மரம் இருந்தது, காலை வெளிச்சம் இருந்தது, செல்போனும் கையில் இருந்தது. குடும்பப் படம் என்பது அங்கே எடுக்கிற விஷயம் அல்லவென்று அவர்கள் நினைத்திருந்தார்கள். நாம் எல்லோருமே அப்படித்தான் நினைக்கிறோம்.

ஆகையால், ஓடியாடும் பிள்ளைகளை உடைய பெற்றோர்களுக்கு நான் சொல்லும் யோசனை இது: குடும்பத்தைப் படத்துக்காக இழுத்துக்கொண்டு போகவேண்டாம், படத்தை மைதானத்துக்குக் கொண்டுபோங்கள். "இந்தக் கோலத்திலா?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். ஆம், இந்தக் கோலத்தில்தான். முழங்காலில் மண்ணும் சட்டையில் வியர்வையும் தோளில் மட்டைப் பையுமாகப் பிள்ளை நிற்க, தூக்கக் கலக்கத்தோடு தங்கை ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுத, பக்கத்தில் பிளாஸ்க் வைத்துக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்களே, இந்தச் சில வருஷங்களில் உங்கள் குடும்பம் இருந்த கோலம் அதுதான். பட்டுப் புடைவையைக் கல்யாணங்களில் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிச்சத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். விடியற்காலைப் பயிற்சியைச் சபிக்கிற நாம், படமெடுப்பவர்கள் தேடி அலைகிற வெளிச்சம் அதே வேளையில்தான் கிடைக்கிறது என்பதை யோசிப்பதில்லை. சென்னையில் ஜூன் மாதத்தில் ஏறக்குறைய 5.45-க்குச் சூரியோதயம், ஜனவரிக் கடைசியில் 6.35 வரையில் ஆகிவிடும். உதயத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் வெயில் சாய்வாகவும் மிருதுவாகவும் விழும். முகங்கள் நன்றாக இருக்கும். மாலையில் அஸ்தமனத்துக்கு முந்திய ஒரு மணியும் அப்படியே. உச்சி வேளை மட்டும் உதவாது. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் சூரியன் நடுப்பகலில் ஏறக்குறையத் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அப்பொழுது எடுத்தால் கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள்தான் தெரியும். கோடைப் பயிற்சி முகாம் நடக்கிற காலமும் அதுவாகையால், பகல் பந்தயமானால் மர நிழலிலோ கொட்டகையின் விளிம்பிலோ எல்லோரையும் நிறுத்துங்கள். பாட்மின்டன், கூடைப்பந்து ஆடும் உள்ளரங்கங்களில் வேறொரு தொல்லை உண்டு. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று ஓடுவதால், பல விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு 100 தடவை துடிக்கின்றன. படத்தில் குறுக்கே கோடு கோடாக விழுவதற்கு அதுதான் காரணம். செல்போனில் ஷட்டர் வேகத்தை நாமே வைத்துக்கொள்ளும் வசதி இருந்தால், 1/100 விநாடி வைத்தால் கோடுகள் பெரும்பாலும் மறைந்துவிடும். நின்றுகொண்டிருக்கும் குடும்பத்துக்கு அந்த வேகம் போதும்.

ஓடுகிற பிள்ளையை ஓட்டத்திலேயே பிடிப்பது வேறு வித்தை. 1878-இல் காலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடும் குதிரையின் நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டுக் கிளம்புகிறதா என்று காட்டுவதற்கு 12 காமிராக்களை வரிசையாக வைத்தார். நம் கையில் ஒன்றுதான் இருக்கிறது. அதனோடு போராடிக்கொண்டிருந்தால் பந்தயத்தைப் பார்க்க முடியாது. அந்த வேலையைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிட்டு, பிள்ளை ஜெயிக்கிறதைக் கண்ணால் பாருங்கள் என்பது என் அபிப்பிராயம்.

போட்டோகிராபரை அமர்த்துவதானால், முன்பணம் கொடுக்குமுன் இரண்டு விஷயங்களைப் பேசிவிட வேண்டும். முதலாவது, தேதி. மழை பெய்தாலோ பிள்ளை அடுத்த சுற்றுக்குப் போய்விட்டாலோ கூடுதல் கட்டணமின்றி வேறு நாள் தருவாரா என்று தெளிவாகக் கேளுங்கள். பயிற்சி முடிந்து அரை மணி நேரம், மைதானத்திலேயே, என்று சொன்னால் பலர் சம்மதிப்பார்கள். அரை நாள் கூலி பேசவேண்டியதில்லை. இரண்டாவது, உங்கள் பிள்ளைகளின் படத்தைத் தம்முடைய விளம்பரத்துக்கு உபயோகிப்பாரா என்பது. உங்களுக்கு இஷ்டமில்லையென்றால் அப்பொழுதே சொல்லிவிடலாம். பயிற்சி ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை அனுமதி கேட்டுக்கொள்ளுவது மரியாதை. நம் படத்தில் பிறர் குழந்தைகள் விழுந்தால், அதை ஊரெல்லாம் பார்க்கும்படி போடாமல், அவர்களுடைய பெற்றோருக்கு மட்டும் அனுப்புங்கள். பெண் குழந்தைகள் தினசரி எந்த மைதானத்துக்கு எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பதைப் படத்தோடு சேர்த்து விளம்பரப்படுத்துகிற பெற்றோர்களைக் கண்டால் எனக்குக் கலக்கமாகவே இருக்கிறது.

நால்வரும் ஒரே நேரத்தில் அகப்படவில்லையா? இருவர் இருவராக எடுங்கள். ஒரு சனிக்கிழமை அப்பாவும் பெண்ணும். மறு வாரம் அம்மாவும் பையனும். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோரும் சேர்ந்தால் போதும். ஆனால் ஒன்று. வழக்கமாகப் படம் பிடிப்பவர் எவரோ அவர் எந்தப் படத்திலும் இருப்பதில்லை. சில வீடுகளில் அது தாயார். பத்து வருஷத்துப் படங்களைப் புரட்டினால், அந்த வீட்டில் பெற்றவளே கிடையாதோ என்று தோன்றும். பக்கத்தில் நிற்கும் வேறொரு பிள்ளையின் தகப்பனாரிடம் செல்போனைக் கொடுத்து, "கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. அடுத்த வாரம் அவர் உங்களிடம் கொடுப்பார்.

பிள்ளைகளின் மனநிலையையும் கவனிக்க வேண்டும். பத்து வயதில் காமிராவைக் கண்டால் ஓடி வருகிறவன், பதின்மூன்று வயதில் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறான். வகுப்பில் தினமும் பார்க்கிறேன்; அது அந்த வயதின் இயல்பு. தோற்று வந்த பிள்ளையைக் "கொஞ்சம் சிரி" என்று நிறுத்துவதைப் போன்ற கொடுமை வேறில்லை. அவன் முகம் கழுவி, எதையாவது சாப்பிட்டு, தானாகப் பேச ஆரம்பிக்கட்டும். அவன் வேண்டாமென்றால் அன்றைக்கு வேண்டாம். நாளைக்கும் பயிற்சி இருக்கிறது.

கடைசியாக, எடுத்த படங்களைச் செல்போனுக்குள்ளேயே புதைத்துவிடாதீர்கள். செல்போன் ஒரு நாள் தண்ணீரில் விழும், அல்லது பஸ்ஸில் போய்விடும். மாதத்துக்கு ஒரு படமாவது 4-க்கு 6 அங்குல அளவில் அச்சுப் போட்டு வைத்தால், வருஷ முடிவில் பன்னிரண்டு படம் சேரும். பின்புறத்தில் தேதி, மைதானம், எந்தப் பந்தயம், படத்தில் இருப்பவர்கள் பெயர், பிள்ளைகளின் வயது எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். அழுத்தி எழுதும் பேனா வேண்டாம். தடம் முன்புறத்தில் முகத்தின்மேல் விழும். மெல்லிய மார்க்கர் பேனாவால் ஓரமாக எழுதி, மை நன்றாக உலர்ந்த பிறகே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்.