உடைவதானால் வெளியே உடையட்டும்

காத்தான்குடிப் பிரதான வீதியை அறிந்தவர்களுக்கு, எலும்பு முறிவு அங்கே அபூர்வமான செய்தியல்ல என்பதும் தெரிந்திருக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்துண்டு. இலங்கையில் மக்கள் மிக நெருக்கமாக வாழும் ஊர்களுள் ஒன்று. அதை ஊடறுத்து மட்டக்களப்பையும் கல்முனையையும் இணைக்கும் நெடுஞ்சாலை. அந்த வீதியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்த ஒருவரை ஊரின் ஆதார வைத்தியசாலைக்கோ, சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ கொண்டு ஓடுகிறார்கள். முறிந்த எலும்பின்மீது உலோகத் தகடு வைத்துத் திருகாணிகளால் இறுக்கவேண்டிய நிலை ஏற்பட்டால், உறவினர் கேட்பது இரண்டே கேள்விகள். டொக்டர் கைராசிக்காரரா? எப்போது நடக்கலாம்? அந்த டொக்டரின் கையில் இருக்கும் திருப்புளி எத்தகையது என்று எவரும் கேட்பதில்லை. அதையும் கேட்கவேண்டும் என்பதே என் வாதம்.

இது வைத்தியர்களின் காரியம், நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தவர். ‘இரணவைத்தியம்’ என்ற சத்திரசிகிச்சை நூலை 1867இலேயே தமிழில் அச்சேற்றியவர். அந்த மொழியில் ஒரு திருப்புளியைப் பற்றிப் பேசுவது ஒன்றும் மிகையான காரியமாகாது.

விடயத்துக்கு வருவோம். இன்று பரவலாகப் பயன்படும் ஒருவகை எலும்புத் தகட்டில் துளையின் உட்புறத்திலும் புரி இருக்கும். திருகாணியின் தலையிலும் புரி இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பற்றிப் பூட்டிக்கொள்ளும். அதை எவ்வளவு இறுக்குவது என்பதற்குக் கணக்கு உண்டு. 3.5 மில்லிமீற்றர் திருகாணிக்கு 1.5 நியூட்டன் மீற்றர், 5 மில்லிமீற்றர் திருகாணிக்கு 4 நியூட்டன் மீற்றர் என்பது வழக்கமான அளவு. ஒரு மீற்றர் நீளமான கோலின் நுனியில் ஏறத்தாழ 150 கிராம் எடை தொங்கினால் அதன் அடியில் உண்டாகும் முறுக்கு விசைதான் 1.5 நியூட்டன் மீற்றர். சிறிய அளவுதான். ஆரோக்கியமான ஒருவரின் மணிக்கட்டு, தடித்த கைப்பிடியொன்றைப் பிடித்து முழுப் பலத்தோடு திருகினால் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

தாண்டினால் என்ன ஆகும்? புரிகள் ஒன்றோடொன்று இறுகிச் சிக்கிக்கொள்ளலாம். திருப்புளி நுழையும் குழி தேய்ந்து வட்டமாகிவிடலாம். அன்றைக்கு ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரே படமும் அழகாகவே இருக்கும். ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்துத் தகட்டை அகற்றவேண்டி வரும்போதுதான் திருகாணி கழல மறுக்கும். அதன் தலையைத் துளையிட்டு உடைத்தெடுக்க நேரும். சதைக்குள் உலோகத் தூள் சிந்தும். அரை மணி நேரத்தில் முடியவேண்டிய வேலை மணிக்கணக்கில் நீளும். குறைவாக இறுக்கினாலோ, நாளடைவில் திருகாணி தளர்ந்து பொருத்தே குலைந்துபோகலாம்.

இதற்காகத்தான் குறித்த விசை வந்ததும் ‘டிக்’ என்ற ஒலியோடு வழுக்கிக்கொடுக்கும் கைப்பிடி உருவாக்கப்பட்டது. வீட்டிலுள்ள ட்ரிப் சுவிட்ச் செய்யும் வேலையை இது சத்திரசிகிச்சை மேசையில் செய்கிறது. இதை மிகைவிசைக் காப்பு எனலாம்.

எலும்போடு இக்கதை முடிவதில்லை. வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்யும் லப்பரஸ்கோப்பிச் சிகிச்சையில் பற்றுக்குறடு ஒன்றின் தண்டு ஐந்து மில்லிமீற்றர் தடிப்பே இருக்கும். கைப்பிடியில் கொடுக்கும் விசை அந்த நீண்ட தண்டின் வழியே சென்று, முனையிலுள்ள நுண்ணிய ஆணியில் போய் நிற்கிறது. கடினமான எதையேனும் கவ்விக்கொண்டு கைப்பிடியை நெரித்தால் எங்கோ ஓரிடம் விட்டுக்கொடுத்தாகவேண்டும். நல்ல கருவியை வடிவமைப்பவர் அந்த இடத்தைத் தாமே தீர்மானித்துவிடுகிறார். கைப்பிடிக்குள் ஒரு வில்லை வைத்து மிகையான விசையை அது உறிஞ்சிக்கொள்ளச் செய்கிறார். அல்லது கைப்பிடிப் பக்கத்திலேயே வேண்டுமென்று ஒரு பலவீனமான இணைப்பை வைக்கிறார். கருவி கெட்டாலும் துண்டு நோயாளியின் உடலுக்கு வெளியே இருக்கும். மலிவான கருவியில் இந்தத் தீர்மானத்தை எவரும் எடுப்பதில்லை. எங்கே உலோகம் மெலிந்ததோ அங்கே உடையும். பெரும்பாலும் அது முனையாகத்தான் இருக்கும்.

முதுகெலும்பு வட்டுச் சிகிச்சையில் பயன்படும் குறடுகளின் நுனி வட்டுக்குள்ளேயே உடைந்து தங்கிவிட்ட சம்பவங்கள் உலக மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அந்த வட்டுக்கு முன்னால் ஓடுவது உடலின் மிகப் பெரிய இரத்தக் குழாய்கள் என்பதை எண்ணிப்பார்த்தால், ஒரு துண்டைத் தேடுவது எத்தகைய தேடல் என்பது விளங்கும்.

இந்தக் கருவிகள் எங்கிருந்து வருகின்றன? கால்பந்துக்குப் பேர்போன பாகிஸ்தானின் சியால்கோட் நகரம், சத்திரசிகிச்சைக் கைக்கருவிகளுக்கும் உலகின் பெரும் பட்டறையாக இருக்கிறது. நேர்த்தியான தொழிற்சாலைகளும் அங்கே உண்டு. சந்துகளில் அரத்தால் ராவிக் கூலி பெறும் சிறு பட்டறைகளும் உண்டு. அங்குள்ள தொழிலாளர் நிலை குறித்தும் கருவிகளின் கொள்வனவு முறை குறித்தும் பிரித்தானிய மருத்துவ ஏட்டில் 2006இலேயே எழுதப்பட்டது. 2011இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, லண்டன் வைத்தியசாலை நிர்வாகமொன்றில் புதிய கருவிகளைப் பரிசோதிக்கும் நிபுணர் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைக் குறையுள்ளதெனத் திருப்பி அனுப்புவதாகக் காட்டியது. அங்கே பரிசோதிக்க ஒருவர் இருந்தார். ஆகவே குறை வெளிப்பட்டது. பரிசோதிப்பார் இல்லாத இடத்தில் அதே ஐந்தில் ஒன்று நேராக மேசைக்குப் போய்விடும். இதற்காகச் சியால்கோட்டின் தொழிலாளியைத் திட்டுவது அநியாயம். அவர் கேட்ட பொருளைக் கேட்ட விலைக்குச் செய்து தருகிறார்.

கேட்பவர் யார் என்பதே நம் கேள்வி. இலங்கையில் மருத்துவ உபகரணங்கள் 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இருந்தன. பின்னர் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பொறுப்பில் வந்தன. சட்டம் இருக்கிறது, அதிகாரசபை இருக்கிறது. ஆனால் பதிவு பெற்ற கருவி என்பதும், ஐந்து வருடம் பாவித்த பின்னும் சரியான அளவில் ‘டிக்’ என்னும் கருவி என்பதும் ஒன்றல்ல. 134 பாகை நீராவியில் மீண்டும் மீண்டும் வெந்த வில் தன் குணத்தை இழக்கும். ஆகவேதான் உற்பத்தியாளர்கள் விசைக் கைப்பிடிகளைக் குறித்த காலத்துக்கொருமுறை அளந்து சரிபார்க்கச் சொல்கிறார்கள். அளக்கப்படாத கைப்பிடி பொய்யான நம்பிக்கையைத் தருகிறது. அதைவிட, கையுணர்வை மட்டும் நம்பும் அனுபவசாலியே மேல்.

கேள்விப்பத்திரத்தில் எழுதப்படாத ஒரு குணத்துக்கு எந்த வியாபாரியும் தன் கைக்காசைச் செலவழிக்கமாட்டார். காத்தான்குடி வியாபாரிகளின் ஊர். இதை அங்கே எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

‘மருந்துக்கே தட்டுப்பாடான நாட்டில் இதென்ன ஆடம்பரம்?’ என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்தில்லாமல் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் கழலாத திருகாணிக்காக இரண்டாம் தடவை மயக்கமருந்து, இரண்டாம் தடவை கட்டில், இரண்டாம் தடவை கூலியிழப்பு என்று கணக்குப் பார்த்தால் எது ஆடம்பரம் என்பது தெரிந்துவிடும். அந்தக் கணக்கை அரசாங்கம் ஒருபோதும் பார்ப்பதில்லை. ஏனெனில் அதன் பெரும்பகுதியைச் செலுத்துபவர் நோயாளி. வாவியில் வலைவீசுபவருக்கும் கடையில் நாட்கூலிக்கு நிற்பவருக்கும் ஆறு வாரங்கள் கட்டிலில் கிடப்பது என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு வாதமும் உண்டு: தேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணரின் கைக்கு இந்தக் காப்பெல்லாம் வேண்டுமா? நான் அந்தக் கைகளை மதிக்கிறவன். மதிப்பதால்தான் சொல்கிறேன்: இரவு இரண்டு மணிக்கு ஐந்தாவது நோயாளியின் முன் நிற்கும் கை, காலை எட்டு மணிக்கு இருந்த அதே கை அன்று. கருவி உடைந்தால் பழி விழுவதும் அந்தக் கையின் மீதோ, கருவியை எடுத்துக் கொடுத்த தாதியின் மீதோதான். வாங்கிய கோப்பில் கையொப்பமிட்டவரை எவரும் தேடிப்போவதில்லை.

என்ன செய்யலாம்? மருத்துவ வழங்கல் பிரிவு கைக்கருவிகளுக்கான கேள்விப்பத்திரத்தில் மிகைவிசைக் காப்பையும் அது சோதிக்கப்பட்ட சான்றையும் கட்டாய நிபந்தனையாக எழுதவேண்டும். ஒவ்வொரு வைத்தியசாலையும் தன் விசைக் கைப்பிடிகள் எப்போது அளக்கப்பட்டன என்பதற்கு ஒரு பதிவேடு வைக்கவேண்டும். கருவி உடைந்தால் உடைந்த துண்டை எறியாமல் அறிக்கையோடு சேர்த்து வைக்கவேண்டும். எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. இவை நடக்கின்றனவா என்று கேட்க, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையிலேயே இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகமோ ஆலய பரிபாலன சபையோ விளையாட்டுக் கழகமோ, யார் வேண்டுமானாலும் ஒரு பிரஜையின் பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதலாம்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர் வைத்தியசாலைக்கு உபகரணம் அனுப்பும் உங்கள் மனம் பெரிது. ஆனால் அங்கே கழித்துவிட்ட கருவிகளைப் பெட்டியில் நிரப்பி அனுப்பாதீர்கள். கேட்காததை அனுப்பாதே, தனக்கு உதவாத தரத்தைப் பிறருக்குக் கொடுக்காதே என்பது உபகரண நன்கொடைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம். பத்துப் பெட்டி பழைய குறடுகளைவிட, விசையை அளக்கும் சோதனைக்கருவி ஒன்றும் அதைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்ற ஓர் ஆளும் அதிகம் உதவும். அடுத்த முறை ஊர்ச்சங்கக் கூட்டத்தில் நன்கொடைப் பட்டியல் வாசிக்கப்படும்போது, இதை ஒருவர் எழுந்து சொன்னால் போதும்.