மூடியே கிடக்கும் ஜன்னல் திரைகள்: அலுவலக வாடகைதாரர்களின் அதிருப்தி எங்கே தொடங்குகிறது?

பெங்களூரு: நாட்டின் மிகப்பெரிய அலுவலகச் சந்தையான பெங்களூருவில், ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுக்கும் நிறுவனம் முதலில் பார்ப்பது சதுர அடிக்கான வாடகை, மெட்ரோ நிலையத்தின் தொலைவு, வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றையே. பிளைண்ட்ஸ் எனப்படும் ஜன்னல் திரைகள் பேச்சுவார்த்தையில் பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை. ஆனால், குடியேறிய சில வாரங்களிலேயே கட்டட நிர்வாகத்திடம் வரும் புகார்களில் வெயில், கண்கூச்சம், குளிர்சாதனப் போதாமை ஆகியவை சேர்ந்துவிடுகின்றன. இவை மூன்றும் சந்திக்கும் இடம் ஜன்னல்.

தாழ்வாரத்திலிருந்து கண்ணாடிச் சுவருக்கு

கட்டடக் கலையில் நேர்ந்துள்ள மாற்றத்தை மல்லேஸ்வரத்தில் ஒரே பார்வையில் காணலாம். 1898ஆம் ஆண்டு பெங்களூருவைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின் வேகமாக வளர்ந்த குடியிருப்புப் பகுதி இது. இங்கு எஞ்சியுள்ள பழைய வீடுகளில் ஆழமான தாழ்வாரமும், ஜன்னலுக்கு மேலே 'மங்கி டாப்' என்று அழைக்கப்படும் மரச்சட்டக் கூம்பு முகப்பும் உண்டு. வெயில் சுவரைத் தொடும் முன்பே அதைத் தடுப்பதுதான் அவற்றின் வேலை.

அதே பகுதியின் மேற்கு விளிம்பில், 2010ஆம் ஆண்டு 32 தளங்கள் கொண்ட உலக வர்த்தக மையம் எழுந்தது. 2014ஆம் ஆண்டு சம்பிகே சாலை வரை மெட்ரோ வந்தது. இக்காலகட்டத்தில் நகரெங்கும் அலுவலகக் கட்டடங்களின் பொது முகமாகக் கண்ணாடி மாறிவிட்டது. எனவே இது எந்தவொரு தனிக் கட்டடத்துக்கும் உரிய சிக்கல் அல்ல. ஒரு தலைமுறைக் கட்டுமானத்தின் பொதுச் சிக்கல்.

குளிர்ந்த ஊர் என்ற பெயரும் முன்புபோல் கைகொடுப்பதில்லை. 2016 ஏப்ரலில் பெங்களூருவில் வெப்பநிலை 39.2 டிகிரி செல்சியஸை எட்டியது. 2024 ஏப்ரலில் மீண்டும் 38 டிகிரியைக் கடந்தது.

மாலை நான்கு மணிச் சிக்கல்

பெங்களூரு, சென்னை இரண்டும் ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் அமைந்தவை. ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஆகவே தெற்கு ஜன்னலுக்கு ஒரு சிறிய மேல்விதானமே ஓரளவு நிழல் தந்துவிடும். கிழக்கிலும் மேற்கிலும் நிலைமை வேறு. மாலை நான்கு மணிக்குப் பிறகு சாய்ந்து வரும் கதிர் மேல்விதானத்துக்குக் கீழே நுழைந்து, மேசை வரையும் கணினித் திரை வரையும் நீள்கிறது. அலுவலக மேசைக்குத் தேவையான வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ். உச்சி வெயிலின் வெளிச்சமோ ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். அதில் சிறு பங்கு கண்ணில் பட்டாலும் பணியாற்றுவது கடினம்.

அந்த நேரத்தில் ஊழியர் திரையை இறக்குகிறார். கூச்சம் நிற்கிறது, வெப்பம் நிற்பதில்லை. கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெப்பத்தில் ஒரு பகுதியை மட்டுமே உட்புறத் திரையால் வெளியே திருப்பி அனுப்ப முடியும். மீதியைத் திரையே உறிஞ்சி அறைக்குள் விடுகிறது. அதே திரை கண்ணாடிக்கு வெளியே இருந்திருந்தால், அந்த வெப்பத்தின் பெரும்பகுதி உள்ளே நுழைந்தே இராது. பழைய தாழ்வாரத்தின் சூட்சுமமும் இதுவே.

இறக்கிய திரையை ஏற்றுவது யார்?

சிக்கலின் அடுத்த கட்டம் மனிதப் பழக்கம் சார்ந்தது. அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய அமைப்பு 1978ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அலுவலக ஜன்னல் திரைகள் தொடர்ந்து புகைப்படம் எடுக்கப்பட்டன. மக்கள் மணிக்கு மணி திரையை மாற்றுவதில்லை. தமக்கு ஒத்துவரும் ஒரு நிலையில் வைத்துவிட்டு, நெடுநாள் அப்படியே விட்டுவிடுகின்றனர் என்பது அதில் தெரியவந்தது.

நியூயார்க்கின் அர்பன் கிரீன் கவுன்சில் 2013ஆம் ஆண்டு 55 கண்ணாடிக் கட்டடங்களை ஆராய்ந்தபோது, சராசரியாக ஜன்னல் பரப்பில் 59 விழுக்காடு திரைகளால் மூடப்பட்டிருந்தது. வெளிக்காட்சிக்காக அதிகப் பணம் கொடுத்து வாங்கிய கண்ணாடியின் பாதிக்கும் மேற்பட்ட பகுதியைப் பயன்படுத்துவோரே மறைத்து வைத்திருந்தனர்.

இதன் பொருளாதாரம் எளிது. ஒருநாள் மாலை வெயிலுக்காக இறக்கிய திரை மறுநாள் காலையிலும் இறங்கியே இருக்கும். வெளியே பகல், உள்ளே மின்விளக்கு. கண்ணாடி வழியே வரும் வெப்பத்தைத் தணிக்கக் குளிர்சாதனம் ஒருபுறம். வராமல் போன வெளிச்சத்துக்கு ஈடாக விளக்கு மறுபுறம். வாடகைதாரர் இரண்டு முறை மின்கட்டணம் செலுத்துகிறார்.

ஆயினும் திரைகளின் பங்கை மிகைப்படுத்தலாகாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் திரட்டிய தரவுகளைக் கொண்டு, 351 அலுவலகக் கட்டடங்களில் 52,980 பேரின் பதில்களை ஆராய்ந்த கட்டுரை 2012ஆம் ஆண்டு வெளியானது. பணியிடத் திருப்தியில் முதலிடம் பெற்றது ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் இடத்தின் அளவு. அடுத்து இரைச்சலும், பிறர் பார்வை படாத மறைவும். நெருக்கியடித்து அமரவைக்கப்பட்ட ஊழியரை நல்ல திரையால் மட்டும் மகிழ்விக்க முடியாது. எனினும் மறைவு, கூச்சம், வெப்பம், வெளிக்காட்சி ஆகிய நான்கையும் ஒருசேரத் தொடும் பொருள் அலுவலகத்தில் வேறில்லை.

மூவர் கையில் ஒரு ஜன்னல்

சிக்கல் தீராமல் நீடிப்பதற்குக் காரணம், முடிவெடுப்பவரும் செலவழிப்பவரும் அவதிப்படுபவரும் வெவ்வேறாக இருப்பதுதான். கண்ணாடியையும் முகப்பையும் தேர்வு செய்பவர் கட்டுமான நிறுவனத்தார். பொதுவாக 'வார்ம் ஷெல்' எனப்படும் நிலையில் கட்டடம் ஒப்படைக்கப்படுகிறது. மின்தூக்கி, மின்சாரம், மையக் குளிர்சாதனம் உரிமையாளருடையவை. தடுப்புகள், மேசைகள், திரைகள் வாடகைதாரரின் செலவு. மேற்கு ஜன்னலருகே அமர்பவரோ இவ்விரு முடிவுகளிலும் பங்கில்லாத ஊழியர்.

உட்புற வேலை தொடங்கும்போது பட்ஜெட்டின் பெரும்பகுதி தீர்ந்துவிடுவதால், இறுதியில் வாங்கப்படும் திரை மலிவானதாக அமைகிறது. ஆறு ஜன்னல்களுக்கு ஒரே இழுசங்கிலி என்றால், ஒருவரின் கூச்சத்துக்காக ஆறு பேரின் வெளிச்சம் போகிறது. பழுதானால் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருப்பதில்லை.

எரிசக்தித் திறன் செயலகத்தின் 2017ஆம் ஆண்டு கட்டட விதித்தொகுப்பு இதில் ஒரு திசையைக் காட்டுகிறது. வெளிச்சுவரில் ஜன்னல்களின் பங்கு 40 விழுக்காட்டை மிஞ்சக் கூடாது என்பது அதன் வரம்பு. வெளிப்புறத்தில் நிலையாக அமைக்கப்படும் விதானங்களுக்கும் பக்கவாட்டுத் தடுப்புகளுக்கும் கண்ணாடியின் வெப்ப அனுமதிக் கணக்கில் சலுகை உண்டு. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும் என்ற பழைய அறிவு, விதிகளின் மொழியில் மீண்டும் எழுதப்பட்டுள்ளது.

ஒப்பந்தத்துக்கு முன் ஒரு மாலை

புதிய கட்டடங்களில் தீர்வு வெளிப்புற நிழலில் தொடங்க வேண்டும். 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நியூயார்க் டைம்ஸ் கட்டடத்துக்கு வெளிப்புறத்தில் பீங்கான் குழல்களும், உள்ளே தானியங்கித் திரைகளும் அமைக்கப்பட்டன. முன்னதாக முழு அளவிலான மாதிரிக் கூடம் ஒன்றை எழுப்பி, லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் உதவியுடன் அவை சோதிக்கப்பட்டன. அத்தகைய செலவு எல்லோருக்கும் இயலாது. முன்கூட்டியே சோதிப்பது இயலும்.

ஏற்கெனவே எழுந்துவிட்ட கட்டடங்களில் செய்யத்தக்கவை எளியவை. மேற்குப் பக்க இருக்கைகளை மாலை நான்கு மணிக்கு நேரில் பார்த்த பின் கையெழுத்திடலாம். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித் திரை கேட்கலாம். வெளிர்நிறத் துணி வெப்பத்தை நன்கு திருப்பும். அடர்நிறத் துணி கூச்சத்தைக் குறைத்து வெளிக்காட்சியைத் தெளிவாகக் காட்டும் என்பதைத் திசைக்கேற்ப எடைபோடலாம். தானியங்கித் திரையாயினும் அதை மாற்றும் பொத்தான் ஊழியரின் கைக்கு எட்ட வேண்டும். மாலையில் துப்புரவுப் பணி முடியும்போது எல்லாத் திரைகளையும் ஏற்றிவைத்தால், மறுநாள் தேவைப்படுபவர் மட்டும் இறக்கிக்கொள்வார். இதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை.

வீட்டிலிருந்து பணியாற்றிப் பழகிய ஊழியர்களை மீண்டும் அலுவலகத்துக்கு அழைக்க நிறுவனங்கள் முயன்றுவரும் காலம் இது. வீட்டில் தமக்குப் பிடித்தபடி ஜன்னலைத் திறக்கவும் மூடவும் முடிந்தவர்களுக்கு, அலுவலகத்திலும் அந்தச் சிறு உரிமை கிடைக்கிறதா என்பதை வாடகை ஒப்பந்தத்தின் ஒரு வரியே தீர்மானிக்கிறது.