இரும்பு மாத்திரை மட்டும் போதாது

'இரத்தசோகை இல்லாத இந்தியா' திட்டம் 2018-இல் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளாகியும் கருவுற்றவர், பாலூட்டுபவர் தவிர மற்ற பெண்களுக்கு வாரம் ஒரு மாத்திரைதான்: 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். அதில் வைட்டமின் பி12 இல்லை; அது குறைந்தாலும் சோகை வரும். வளரிளம் பருவத்தினரில் இரும்புக் குறை 22 சதவீதம், பி12 குறை 31 சதவீதம் என்று மத்திய அரசின் 2016-18 ஆய்வே சொன்னது. அறிக்கை வந்த பிறகும் மாத்திரையை மாற்றாமல் விட்ட முடிவை எப்படி ஏற்பது?

நீலகிரி தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன்களில் இதன் விலை தெரிகிறது. மருத்துவ முகாமில் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுக்கிறார்கள். 'ரத்தம் கம்மி' என்று சொல்லி மாத்திரை அட்டையை நீட்டுகிறார்கள். பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் பி12 கிடைக்கும். சோறும் ரசமுமாக நாளைத் தள்ளும் பெண்ணுக்கு அது எங்கிருந்து வரும்? விரல் மதமதத்து, நாக்கு எரிந்து, கொழுந்து பறிக்க முடியாமல் நிற்பவரை இரும்பு தேற்றாது. ஃபோலிக் அமிலம் மட்டும் தந்தால் இரத்த அளவு தேறியதுபோலத் தெரியும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகலாம். குணமாகாதவர்களைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்கிறது திட்டத்தின் வழிகாட்டி. பந்தலூரிலிருந்து உதகைக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு.

எல்லாச் சோகைக்கும் இரும்பு மருந்தல்ல என்பதற்கான ஆராய்ச்சியில் ஒரு பகுதி நடந்தது இந்த மலையில்தான். மும்பை ஆலைத் தொழிலாளிப் பெண்களின் சோகையை ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், 1929-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு வந்து வேலையைத் தொடர்ந்தார். ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைப் போக்குவதை 1931-இல் வெளியிட்டார். ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவமான ஃபோலேட் உலகுக்குத் தெரியவந்தது அந்த வழியில்தான். இரும்பால் தீராத இன்னொரு சோகையான அரிவாள் அணு நோய் இந்தியாவில் 1952-இல் முதன்முதலாகப் பதிவானதும் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான்.

அப்படிப்பட்ட குன்னூரின் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தை 1958-இல் ஹைதராபாத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆய்வுக்கூடத்துக்குப் பின் அளவீடும் போனது. தமிழகப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்குச் சோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. ஆறாவது ஆய்வில் அந்த அளவீட்டையே எடுத்துவிட்டார்கள். விரல்நுனி இரத்தம் துல்லியமல்ல என்பது அப்போது சொன்ன காரணம். அதே விரல்நுனி இரத்தத்தை நம்பித்தான் முகாமில் மருந்து தருகிறார்கள்! கணக்குக்கு உதவாதது உயிருக்கு உதவுமா?

இனியும் சாக்குச் சொல்ல வேண்டாம். காரணம் அறிந்து மருந்து தரும் ஏற்பாட்டை இந்த மலைக்கு அரசு உடனே செய்ய வேண்டும். ரத்தம் கம்மி என்று சொல்லி அனுப்பிவிடுவது மருத்துவம் ஆகாது.